தெட்ஃபோர்டுக்குப் பொருந்தாத கணக்கு

இங்கிலாந்தின் சந்தை நகரங்களில் தலைமுறை தலைமுறையாக அதே குடும்பங்கள்தான், மக்கள்தொகையும் மெல்லத்தான் கூடும் என்று இங்கே வந்திருக்கும் கட்டுரை சொல்வது கிழக்கு இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியிலுள்ள தெட்ஃபோர்டுக்குக் கொஞ்சமும் பொருந்தாது. 1950களில் அங்கே சுமார் ஐயாயிரம் பேர். 2011 கணக்கெடுப்பில் 24,000க்கும் மேல். பிள்ளைப்பேறு மட்டும் இப்படிப் பெருக்காது. லண்டன் நெரிசலைக் குறைக்க 1957இல் போட்ட ஒப்பந்தம்தான் காரணம்: ஆலை அங்கே இடம்பெயரும், கூடவே போகும் தொழிலாளிக்கு வாடகை வீடு கிடைக்கும். 2000ஐ ஒட்டி போர்ச்சுக்கல்காரர்கள் வந்தது அடுத்த அலை. கட்டுரைக்கு மேலே கருத்து எழுதிய ஒருவர் ‘வெளியாட்கள் எல்லாம் இப்போது வந்தவர்கள்’ என்கிறார். பஹாமாஸில் பிறந்த கறுப்பின மருத்துவர் ஆலன் மின்ஸ் அங்கே மேயரானது 1904இல்! பக்கத்து எல்வெடனில் வாழ்ந்த பஞ்சாப் மன்னர் துலீப் சிங்கின் மகன் பிரெடரிக் 1921இல் ஊருக்குக் கொடுத்த மரச்சட்ட வீடுதான் இன்றைய அருங்காட்சியகம். ‘அசல் மண்ணின் மைந்தன்’ வேண்டுமானால் அமெரிக்க விடுதலைக்காக எழுதிய தாமஸ் பெயின் இருக்கிறார், 1737இல் அங்கேயே பிறந்தவர். அவரும் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். தங்கமுலாம் பூசிய அவர் சிலையின் கையில் புத்தகம் தலைகீழாக இருக்கும், போனால் பாருங்கள். இன்னொன்று: இத்தகைய ஊர்களின் மக்கள்தொகையை ஒப்பிடும்போது பாரிஷ் (இங்கிலாந்தின் மிகச் சிறிய உள்ளாட்சிப் பிரிவு) எல்லைக் கணக்கா, தொடர்ச்சியாக வீடுகள் உள்ள பகுதியின் கணக்கா என்று முதலில் பார்க்க வேண்டும். ஊர் விளிம்பில் எழும் புது வீடுகள் பக்கத்துக் கிராமப் பாரிஷில் விழுந்தால், ஊர் வளர்ந்திருந்தும் பட்டியலில் அப்படியே நிற்கும். கட்டுரையின் அட்டவணையில் எந்த எல்லை என்றே போடவில்லை.