தேர்தல் தோல்வி மட்டும் போதாது
கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் ஆட்சியாளர்கள் செய்த தவறுகளுக்குத் தேர்தல் தோல்வியே போதிய தண்டனை என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பிரேசிலில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்த நிலையில், 2021 அக்டோபரில் செனட் விசாரணைக் குழு, மானுடத்துக்கு எதிரான குற்றம் உட்பட 9 குற்றச்சாட்டுகளை அப்போதைய அதிபர் போல்சனாரோ மீது சுமத்தப் பரிந்துரைத்தது. ஆனால் வழக்குத் தொடரும் அதிகாரமோ அவரே நியமித்த தலைமை அரசு வழக்கறிஞரிடம் இருந்தது. பிரிட்டனில் அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் 2022இல் அபராதம் கட்டியது விதிமீறிய பிறந்தநாள் கூடுகைக்காக. பொதுமுடக்கத்தைத் தாமதமாக அறிவித்ததற்காக அல்ல. (விருந்தை நிரூபிப்பது எளிது போலும்.) அறிவியல் தெளிவில்லாத நாள்களில் நேர்ந்த பிழையைக் குற்றமாக்கக் கூடாதுதான், எனினும் எச்சரிக்கை கைக்கு வந்த பின்னும் அதைப் புறந்தள்ளியவர் யார், எந்த நாளில், எந்த ஆவணத்தைப் பார்த்தபின் என்பதையாவது விசாரணை ஆணையங்கள் பெயர் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும்.