சான்றிதழில் கையெழுத்திடும் சீனியர்களுக்கு

சென்ற மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஜூனியராகச் சேர விரும்பி என் அலுவலகத்துக்கு வந்தார்கள். இருவருமே சட்டப் படிப்பை முடித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து சில வாரங்களே ஆனவர்கள். முதலில் வந்த இளைஞர் நீதிபதித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருப்பவர். "மூணு வருஷம் முடிஞ்சதும் சர்டிபிகேட் கொடுத்துடுவீங்களா சார்? தினமும் வரணுமா, இல்ல வாரத்துக்கு ரெண்டு நாள் வந்தாப் போதுமா?" என்று மரியாதையோடுதான் கேட்டார். இரண்டாவதாக வந்த பெண் நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிராமத்திலிருந்து வந்திருந்தார். தினமும் வருவதாக அவரே முந்திக்கொண்டு சொன்னார். பிறகு, பேருந்துச் செலவுக்கு மட்டும் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டு முடிப்பதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளில்தான் உண்டு; அவர் ஏற வேண்டிய புறநகர்ப் பேருந்தில் இல்லை.

இந்த இரண்டு கேள்விகளையும் பல நாள் மனத்தில் போட்டு உருட்டிய பிறகே இதை எழுதுகிறேன். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்னைப் போன்ற சீனியர்கள்தான் என்பது என் கருத்து.

2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், உரிமையியல் நீதிபதி பதவிக்கான நேரடித் தேர்வை எழுத மூன்று ஆண்டுகள் வழக்கறிஞராகப் பணியாற்றியிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2002-இல் அதே நீதிமன்றம் விலக்கிய நிபந்தனை, இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. பத்து ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் அந்த மூன்று ஆண்டுகளுக்குச் சான்றளிக்கலாம். அதில் முதன்மை நீதித்துறை அலுவலர் மேலொப்பம் இட வேண்டும். இந்தத் தீர்ப்பை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். ஒரு சாட்சியைக்கூடக் குறுக்கு விசாரணை செய்யாத ஒருவர், நேராக மேடையில் அமர்ந்து சாட்சியத்தை எடைபோடுவது அவருக்கும் கடினம், வழக்காடிகளுக்கும் கடினம். ஆனால் அந்தத் தீர்ப்பு எங்கள் கையில் ஒரு பேனாவைக் கொடுத்திருக்கிறது. அந்த மூன்று ஆண்டுகளில் ஜூனியருக்கு நாம் என்ன கற்றுக்கொடுத்தோம், அவர் எதைக்கொண்டு வாழ்ந்தார் என்று நம்மிடம் யாரும் கேட்கப்போவதில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

நான் 2004-இல் பி.எல். முடித்தேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் நீதிமன்றப் படியேறியவர்கள் வழக்காடிகளாக மட்டுமே ஏறியிருக்கிறார்கள். தென்மாவட்டத்தில் ஒரு தாலுகா நகரத்தில், உரிமையியல் வழக்குகளில் பெயர் பெற்ற ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். அழைப்பாணை (சம்மன்) பற்றிய ஐந்தாவது கட்டளையை ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பித்திருப்பேன். ஆனால் அந்த அழைப்பாணை எதிர்த்தரப்பின் வீட்டு வாசலுக்குப் போக வேண்டுமென்றால் நாம் முதலில் பேட்டா, அதாவது அதைக் கொண்டுசேர்ப்பதற்கான கட்டணம், கட்ட வேண்டும் என்பதைக் கல்லூரியில் ஒருவரும் சொன்னதில்லை. எங்கள் அலுவலகத்தில் அதைக் கவனித்துக்கொண்டவர் குமாஸ்தா அண்ணன். அவர் மகள் திருமணத்துக்காக விடுப்பில் போயிருந்த சமயத்தில், ஒரு புரோநோட்டு வழக்குக் கட்டு என் பொறுப்பில் இருந்தது. அடுத்த வாய்தாவை டைரியில் அழகாகக் குறித்து வைத்தேன், பேட்டா கட்டவில்லை. வாய்தா நாளில், ஒன்பதாவது கட்டளை இரண்டாவது விதியின்படி வழக்கு தள்ளுபடி ஆனது.

வாதி, கணவரை இழந்து இட்லிக் கடை நடத்திய ஓர் அம்மாள். வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்கக் கோரும் மனுவை முப்பது நாட்களுக்குள் போட வேண்டும். அதற்கான பிரமாணப் பத்திரத்தை நானே எழுதி சீனியரிடம் நீட்டினேன். வாதிக்கு உடல்நலம் சரியில்லாததால் வழக்கறிஞருக்குத் தக்க அறிவுரை வழங்க இயலவில்லை என்று எழுதியிருந்தேன். பழைய கட்டுகளில் அப்படித்தான் இருந்தது. நான் பார்த்து எழுதினேன். சீனியர் அதைப் படித்துவிட்டு அமைதியாக இரண்டாகக் கிழித்தார். "தப்பு பண்ணினது நீ. பொய்ச் சத்தியத்துல அந்தம்மா கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டார். பிறகு அந்த அம்மாளை வரச் சொல்லி, நடந்ததை என் வாயாலேயே சொல்ல வைத்தார். கடையை அடைத்துவிட்டு வந்திருந்த அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காசு வருமா வராதா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அலுவலகத்தின் தவறு என்று உள்ளபடியே எழுதிய இரண்டாவது பிரமாணப் பத்திரத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வழக்கு கோப்புக்குத் திரும்பியது.

தொழில் நெறி என்பது அன்றைக்கு முன்பும் எனக்குத் தெரியும். கல்லூரியில் அதற்கென்று ஒரு தாள் இருந்தது, அதில் தேறியும் இருந்தேன். அந்த அம்மாளின் எதிரே உட்கார்ந்திருந்த பத்து நிமிடங்களில்தான் நான் வழக்கறிஞன் ஆனேன் என்று இன்றும் நம்புகிறேன். அந்தப் பத்து நிமிடங்களை எனக்குக் கொடுத்த சீனியர், மாதம் முதல் தேதியில் உறையில் ஆயிரம் ரூபாயும் கொடுத்தார். அன்றைய நிலையில் அறை வாடகைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அது போதுமாக இருந்தது. அது இல்லாவிட்டால் பேட்டா பாடத்தைக் கற்க நான் அங்கே இருந்திருக்கவே மாட்டேன்.

என் வகுப்புத் தோழர் ஒருவருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. எங்கள் வகுப்பிலேயே வாதத்திறமையில் முதல் ஆள் அவர்; மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் கோப்பைகளோடு திரும்புவார். ஒரு பெரிய அலுவலகத்தில் சேர்ந்தார். பதினான்கு மாதங்கள் வாய்தா கேட்பதும் நகல் மனுப் போடுவதுமாகக் கழிந்தன. கையில் ஒரு ரூபாய் வரவில்லை, ஒரு சாட்சியையும் விசாரிக்க அவரிடம் விடவில்லை. தங்கை திருமணம் வந்தபோது கவுனை மடித்து வைத்துவிட்டு அப்பாவின் கடைக்குப் போய்விட்டார். அவரை நினைக்காமல் இந்தப் பேச்சை என்னால் பேச முடிவதில்லை.

மாதிரி நீதிமன்றத்தைச் சொன்னதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பயிற்சி தேவையானது. கூச்சத்தைப் போக்கும், சட்டத்தைத் தேடிப் படிக்க வைக்கும். ஆனால் அங்கே வழக்கின் உண்மைகள் அச்சிட்டுக் கையில் கொடுக்கப்படுகின்றன. முன்சீப் கோர்ட்டிலோ வரப்பு எங்கே இருந்தது, பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்பதே வழக்கு. அதைக் கட்சிக்காரரின் வாயிலிருந்து வாங்குவதற்கு, அவர் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிப்பதற்கு, உட்கார்ந்து கேட்கும் பழக்கம் வேண்டும். 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், மூன்றாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டு வாரமும் ஐந்தாண்டுப் படிப்புக்கு இருபது வாரமும் உள்ளிருப்புப் பயிற்சி கட்டாயம் என்கின்றன. ஓர் உரிமையியல் விசாரணையையும் ஒரு குற்றவியல் விசாரணையையும் மாணவர் நேரில் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும் என்றும் சொல்கின்றன. நல்ல விதிகள். ஆனால் என்னிடம் கையெழுத்துக்கு வந்த பதிவேடுகளில் ஒரே வழக்கு, ஒரே எழுத்துப் பிழைகளோடு, ஐந்தாறு மாணவர்களின் கையெழுத்தில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மாணவர்களை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. அவற்றில் கையெழுத்துப் போட்டவர்களும் நாம்தான். அந்தப் பழக்கம் இனி மூன்றாண்டுச் சான்றிதழுக்கும் பரவினால், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வெறும் காகிதமாகிவிடும்.

தொழிலின் வாசலைத் திறந்துவிடும் வேலை ஓரளவு நடந்திருக்கிறது. 2024 ஜூலை 30 அன்று, வழக்கறிஞர்கள் சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல், பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. ஆனால் வாசலுக்கு உள்ளே வந்தவர் மூன்று வேளை சாப்பிட வேண்டுமே. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகையாகக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றது. அக்டோபரில் அகில இந்திய பார் கவுன்சிலும், நகர்ப்புறத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 என்று மூன்று ஆண்டுகளுக்குப் பரிந்துரைத்தது. பரிந்துரை என்ற சொல்லுக்குள் புகுந்து நம்மில் பலர் தப்பித்துக்கொண்டோம்.

தப்பித்தவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்க விரும்பவில்லை. தனியாக அலுவலகம் தொடங்கிய முதல் எட்டு ஆண்டுகளில் என்னிடம் இருந்த இரண்டு ஜூனியர்களுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் துணியும் பணமும் கொடுத்ததோடு சரி. எனக்குக் கிடைத்ததை நான் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. தாலுகா நகரத்தில் கட்சிக்காரர்கள் தவணையில்தான் ஃபீஸ் தருகிறார்கள், பலர் தருவதே இல்லை என்ற காரணம் அன்றும் உண்மை, இன்றும் உண்மை. இப்போதும் 15,000 கொடுக்க என்னால் முடியவில்லை. இருக்கும் ஒரு ஜூனியருக்கு 8,000 கொடுக்கிறேன். ஆனால் முழுத் தொகை முடியாது என்பது ஒன்றுமே கொடுக்காமல் இருப்பதற்குக் காரணமாகிவிடாது. இரண்டு மூன்று சிறிய அலுவலகங்கள் சேர்ந்து ஒரு ஜூனியரை வைத்துக்கொண்டு செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். எதிரெதிர்த் தரப்பில் வழக்கு இல்லாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

பெண் ஜூனியர்களின் நிலை இன்னும் கடினம். நம் அலுவலகங்களில் உண்மையான வேலை மாலை ஆறு மணிக்கு மேல்தான் தொடங்குகிறது. கட்சிக்காரர் வருவதும், சீனியர் கட்டைப் பிரிப்பதும், மறுநாள் குறுக்கு விசாரணைக்குக் கேள்விகள் எழுதுவதும் அப்போதுதான். கடைசிப் பேருந்துக்காக எட்டு மணிக்குக் கிளம்பும் பெண், பாடத்தின் பாதியைத் தவறவிடுகிறார். அந்த வேலையைக் காலை எட்டரை மணிக்கு மாற்றினால் யாருக்கும் நட்டமில்லை. நான் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

ஜூனியர் ஒரு சுமை என்று நினைப்பவர்களுக்கு என் அனுபவம் ஒன்று. 2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது, இருபது ஆண்டுகளாக என் நாக்கில் பழகிய பிரிவு எண்கள் எல்லாம் மாறிப்போயின. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கோருவது. புதிய சட்டத்தில் 482 என்றால் முன்ஜாமீன்; ரத்து கோருவது 528-க்குப் போய்விட்டது. ஒரு கட்சிக்காரருக்கு நான் பழைய பழக்கத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோது, என் ஜூனியர் ஒரு துண்டுச் சீட்டில் சரியான எண்ணை எழுதி மேசையில் நகர்த்தினார். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

எங்கள் வழக்கறிஞர் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் வைக்கச் சொல்லிச் செயலாளரிடம் ஒரு தீர்மானத்தை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். சான்றளிக்கும் சீனியர், ஜூனியரின் பெயரை வக்காலத்தில் சேர்த்திருக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது ஆறு சாட்சிகளை அவரிடம் விட்டிருக்க வேண்டும். மாதத் தொகை எவ்வளவு என்பதைச் சேரும் நாளிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். இவை இல்லாமல் யாரும் கையெழுத்திடக் கூடாது என்பதே அதன் சாரம். எதிர்ப்பு வரும் என்று தெரியும். ஆறு சாட்சி என்பதைக் குறைக்கச் சொன்னால் குறைக்கத் தயார். எழுதிக் கொடுப்பதை விட்டுவிடச் சொன்னால் சம்மதிக்க மாட்டேன்.

அந்தப் பெண் திங்கட்கிழமை முதல் வருகிறார். அவருடைய மாதத் தொகையை எழுதிக் கொடுத்துவிட்டேன். வக்காலத்துப் படிவத்தையும் அவர் பெயரோடு அச்சுக்குக் கொடுத்தாயிற்று. அந்த இளைஞரிடம், தினமும் வர வேண்டும், வந்தால் அவருக்கும் ஒரு தொகை எழுதித் தருகிறேன் என்று தொலைபேசியில் சொன்னேன். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.