அமலைச் செடி: வண்டு நெல்லைத் தின்னாது, மருந்து வேரறுக்காது

"களைக்கொல்லியை ஒருமுறை தெளித்தால் குளத்து அமலை அடியோடு போய்விடும், அமலையை அழிக்க வண்டு விட்டால் அது நெல்லையும் வாழையையும் தின்றுவிடும்" என்று திருநெல்வேலி வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டும் தவறு.

அமலை என்று நாம் அழைக்கும் ஆகாயத்தாமரையின் தாயகம் தென் அமெரிக்கா. அதை உண்ணும் கூன்வண்டுகளின் தாயகமும் அதுவே. பயிர்களைத் தின்னுமா என்று சோதித்த பிறகே 1983-இல் பெங்களூரு ஏரிகளில் விட்டார்கள். நெல்லில் அவை இனம் பெருக்குவதில்லை. அவற்றின் புழு அமலைத் தண்டைக் குடைந்தே வளர்கிறது. பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும் என்பது உண்மை. கோடையில் வற்றும் நம் குளங்களில் செடியோடு வண்டும் மடிந்துவிடும். இதையும் மறைக்கக் கூடாது.

களைக்கொல்லி மருந்தின் கதை வேறு. இலை கருகும், ஆனால் சேற்றில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் உயிரோடிருந்து மீண்டும் முளைக்கும். மொத்தமாக மடிந்த செடி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீன் செத்து மிதக்கும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே தெளிக்கலாம் என 2022-இல் மத்திய அரசு கட்டுப்படுத்தியது. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கிற தாமிரபரணியில் மருந்துக் கேனைத் திறக்க யாருக்கும் மனம் வரக்கூடாது. அமலையைக் கொழுக்க வைப்பது சாக்கடை நீர்; அது கலந்துகொண்டிருக்கும்வரை வாரியெடுத்த இடத்திலேயே மறுபடி படரும்.