வறட்டு இருமலுக்குச் சுக்குக் கஷாயமா?

எல்லா இருமலுக்கும் சுக்கு, மிளகுக் கஷாயம் குடிக்கலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சளிக்குச் சரி, வறட்டு இருமலில் அந்தக் காரம் தொண்டையை இன்னும் எரிக்கும். ஆயுர்வேதத்தில் இதற்குச் சிதோபலாதி சூரணம் உண்டு: கற்கண்டு 16 பங்கு, மூங்கிலுப்பு 8 (மூங்கில் தண்டுக்குள் உறையும் வெள்ளைப் பொருள்; கடைச்சரக்கில் போலி அதிகம், பார்த்து வாங்குங்கள்), திப்பிலி 4, ஏலரிசி 2, இலவங்கப்பட்டை 1. தனித்தனியே இடித்துச் சலித்துக் கலக்கணும். அரை டீஸ்பூன் பொடியை நெய்யில் குழைத்து, காலையும் இரவும் மெதுவாக நக்கிச் சாப்பிடணும். மடக்கென்று விழுங்கித் தண்ணீர் குடித்தால் தொண்டையில் தங்காது. பாதிக்கு மேல் கற்கண்டுதான், சர்க்கரை நோயாளிகளுக்கு ஆகாது.

எனலாபிரில், ராமிபிரில் போன்ற பிரஷர் மாத்திரையாலும் வறட்டு இருமல் வரும். அதற்குச் சூரணம் கேட்காது. டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றணும். இருமல் 2 வாரம் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனையும் அவசியம்.