கேட்டார்களாம், நாம்தான் சொல்லவில்லையாம்

சட்ட வரைவுகளுக்கு அரசு மக்களிடம் கருத்துக் கேட்பது பற்றிய அந்த விவாதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "முப்பது நாள் கொடுத்தார்கள், நீங்கள்தான் கருத்து எழுதவில்லை, இப்போது புலம்பி என்ன?" என்று அதில் ஒருவர் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்! இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

ஐயா, அந்த முப்பது நாள் தானமில்லை. 2014 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தனக்குத்தானே வகுத்துக்கொண்ட சட்டமுன் கலந்தாய்வுக் கொள்கை சொல்லும் குறைந்தபட்சம் அது. சட்டம் ஏன் தேவை, எவ்வளவு செலவு, மக்கள் பிழைப்பில் என்ன பாதிப்பு என்ற குறிப்பும் வரைவோடு வர வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தை அமைச்சகம் தன் இணையதளத்தில் போட வேண்டும் என்பதும் அதே கொள்கைதான். அதைத் தேடிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். பெட்டியைத் திறந்து வைப்பது கருத்துக்கேட்பு ஆகாது. பதில் வர வேண்டும்.

முப்பது நாளில் என்ன முடியும்? அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். ஆள் பிடித்துத் தமிழாக்கவே பத்து நாள் போய்விடும். தொழிலாளர் சட்டங்கள் என்றால் பழைய 29 சட்டங்கள் 4 தொகுப்புகளாகியிருக்கின்றன. எந்தப் பாதுகாப்பு எங்கே நழுவியது என்று பிரிவு பிரிவாக ஒப்பிட இன்னும் பத்து நாள். பிறகு விதி எண், இருக்கும் வாசகம், மாற்று வாசகம், காரணம் என்று நான்கு பத்தி போட்டு எழுத வேண்டும். "தொழிலாளர் விரோத விதியைத் திரும்பப் பெறு" என்று ஒற்றை வரி அனுப்பினால் எண்ணிக்கையில் சேரும், விதியில் ஒரு காற்புள்ளிகூட நகராது. மொழிபெயர்த்துக் கொடுங்கள் என்றால் அலுத்துக்கொள்கிறார்கள். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை 22 மொழிகளில் தரச் சொல்ல டெல்லி உயர் நீதிமன்றம்தான் வரவேண்டியிருந்தது.

"எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் சீர்திருத்தம் நடக்குமா?" என்பார்கள். கேட்காமல் செய்தது மட்டும் நடந்ததா? 12 மணி நேர வேலைக்கான தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 24ஆம் தேதி நிறுத்திவைப்பு. மே 1 அன்று திரும்பப் பெற்றதாக முதல்வர் அறிவிப்பு. சங்கங்களை முதலிலேயே உட்காரவைத்துப் பேசியிருந்தால் ஒரு மத்தியானம் ஆகியிருக்கும். (அது மாநில அரசு, ஒன்றியக் கொள்கை அங்கே செல்லாது என்று கிளம்பி வருபவர்களுக்கு: தெரியும். வியாதி ஒன்றுதான்.)

"வாரத்துக்கு 48 மணிதானே, ஆறு நாளை நான்காக மாற்றினால் என்ன?" என்றும் கேட்டார்கள். கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: 8 மணி நேரத்தில் 80 உருப்படி செய்பவர், கடைசி மணிகளில் கை தளர்ந்து 12 மணி நேரத்தில் 108 செய்கிறார். நாள் கணக்கில் 35 சதவீதம் உயர்வு, அறிக்கையில் படம் போடலாம். மணிக்கு 10 செய்தவர் 9 செய்கிறார் என்பதோ, வாரத்துக்கு 480 வந்த இடத்தில் 432தான் வருகிறது என்பதோ அந்தப் படத்தில் இருக்காது. இயந்திரத்தின் முன்னால் நிற்பவரைக் கேட்டிருந்தால் பதினோராவது மணியில் என்ன ஆகும் என்று சொல்லியிருப்பார். அவரைத்தான் "கருத்து சொல்லாதவர்" என்கிறார் இந்த மனிதர்.

இவர் இதுவரை எந்த வரைவுக்காவது எழுதியனுப்பியிருந்தால் அதன் நகலைப் போடட்டும். வந்த பதிலையும் சேர்த்துத்தான்.