முதலில் அந்த மெல்லிய புத்தகம்

போன மாதம் திடப்படுத்தல் (சபையில் முழு உறுப்பினனாகச் சேர்க்கும் சடங்கு) எடுத்த தங்கை மகன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "மாமா, கன்வென்ஷன்ல புத்தகக் கடை போட்டிருக்காங்க. அம்மா 500 ரூபாய் குடுத்தாங்க. ஆவிக்குரிய வளர்ச்சிக்கு எது வாங்கணும்?" கூடவே கடை மேசையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான்.

பெரிதாக்கிப் பார்த்தேன். சாபத்தை முறிப்பது எப்படி, கடனிலிருந்து விடுதலை, ஜெபித்து ஜெயிப்பது, அந்திக்கிறிஸ்து யார்... எல்லாம் பளபளக்கும் அட்டை, பாதியில் ஊழியரின் படம். ஒரு கிறிஸ்தவன் எதை விசுவாசிக்கிறான் என்று சொல்கிற புத்தகம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

நம் வீடுகளில் வாக்குத்தத்தத்துக்கு, அதாவது கடவுள் கொடுத்த வாக்கு என்று பிடித்துக்கொள்ளும் வசனத்துக்கு, குறைவே இல்லை. புதுவருஷ ஆராதனையில் எடுத்த அட்டை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும். எங்கள் வீட்டு அட்டையில் எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அருமையான வசனம்தான். ஆனால் அதற்கு முந்தின வசனத்தை அட்டையில் போடமாட்டார்கள். பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகுதான் என்று அங்கே இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. அதை வாசிக்கக் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அவர்களிடம்தான், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், சிறைப்பட்டுப் போன பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார் எரேமியா. இதைத் தெரிந்து வாசிக்கிறவனுக்கும், மார்ச் மாதத்துக்குள் வேலை கிடைக்கும் என்று வாசிக்கிறவனுக்கும் ஏப்ரலில் வித்தியாசம் தெரியும்.

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்லவரவில்லை. ஞாயிறு பள்ளியில் ஆறு வருஷம் பாடம் எடுத்தவன் நான். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவத்துக்கு எல்லோரும் சொல்கிற உதாரணத்தைத்தான் சொன்னேன்: தண்ணீர், பனிக்கட்டி, நீராவி. பின்வரிசையில் இருந்த ஒரு பொடிசு, "அப்போ இயேசு ஞானஸ்நானம் எடுக்கும்போது மேலேருந்து பேசினது யாரு சார்?" என்று கேட்டுவிட்டாள். ஒரே தண்ணீர் ஒரே நேரத்தில் மூன்றாகவும் இருக்காதே! அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பினேன். வீட்டுக்கு வந்து தேடினால், ஒரே ஆள் மூன்று வேஷம் என்கிற அந்த எண்ணத்தை மூன்றாம் நூற்றாண்டிலேயே சபெல்லியஸ் என்பவர் பெயரோடு சேர்த்துத் திருச்சபை தள்ளிவைத்திருக்கிறது. அதைத்தான் நான் வருஷாவருஷம் சாக்பீஸில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

எதை விசுவாசிக்கிறோம் என்று இப்படிப் பேசப்போனால், "உபதேசம் பேசினால் பிரிவினை வரும், அன்பு போதும்" என்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காத தாயிடம் "உனக்கு விசுவாசம் போதாது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்களே, அதுவும் உபதேசம்தான். கெட்ட உபதேசம்.

வேடிக்கை என்னவென்றால், தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமே அடிப்படை உபதேசப் புத்தகம். 1578-இல் கொல்லத்தில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்', மொத்தம் 16 பக்கம். அதற்கு முன்பே 1540-களில் முத்துக்குளித்துறைக் கிராமங்களில் சவேரியார் கையில் மணியோடு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டி, கிறிஸ்தவ நம்பிக்கையைச் சுருக்கிச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தையும் ஜெபங்களையும் தமிழில் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். நாம் தொடங்கிய இடம் அது. கத்தோலிக்கர் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று சிலர் கமெண்ட்டில் வருவீர்கள். சரி, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரிடம் வருகிறேன்.

ஜெர்மனியின் சாக்சனிச் சபைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிராமத்து ஜனங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, போதகர்களில் பலருக்கே கற்றுக்கொடுக்கத் தெரியவில்லை என்று நொந்துபோய்த்தான் 1529-இல் அவர் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் புத்தகத்தை எழுதினார். பத்துக் கற்பனைகள் (கட்டளைகள்), விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து என்று போகும். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கற்பனைக்கு அவர் எழுதிய விளக்கத்தைப் பாருங்கள்: பொய் சொல்லாமல் இருப்பதோடு முடியவில்லை, அயலானுக்காகப் பரிந்து பேசவேண்டும், அவன் செய்ததை முடிந்தவரை நல்லவிதமாகவே எடுத்துக்கொள்ளவேண்டும். சபைக் கமிட்டித் தேர்தல் சமயத்தில் இதை வாசித்தேன். மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம் 1563-இல் ஜெர்மனியில் வந்த, இதேபோன்ற ஹைடல்பர்க் வினாவிடை. 129 கேள்விகள், 52 ஞாயிறுகளுக்குப் பிரித்தது. அதன் முக்கிய ஆசிரியர் உர்சினஸுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. முதல் கேள்வியே, வாழ்விலும் சாவிலும் உனக்குள்ள ஒரே ஆறுதல் என்ன என்பது. நான் எனக்குச் சொந்தமில்லை, உடலும் ஆத்துமாவுமாக இயேசு கிறிஸ்துவுக்குச் சொந்தம் என்று பதில் தொடங்கும். அப்பா ஐசியுவில் கிடந்த பதினொரு நாளும் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வாக்குத்தத்தம் சொன்னார்கள். அப்பா பிழைக்கவில்லை. ராத்திரி காரிடார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பிடிக்கக் கிடைத்தது இந்த ஒரு பதில்தான். அது அப்பா பிழைப்பார் என்று சொல்லவில்லை. அவர் யாருடையவர் என்று சொன்னது.

வளர்ச்சிக்கு என்றால் ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்தைச் சொல்வேன். 12 வருஷம் சிறையில் இருந்த மனிதர்; 1678-இல் வந்த கதை. திருநெல்வேலிப் பக்கத்து எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இதைத் தழுவித்தான் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தைப் பாடினார். கதையில், சந்தேகக் கோட்டையின் இருட்டறையில் நாள்கணக்கில் அடைபட்டுக் கிடக்கும் கிறிஸ்தியான், தன் மடியிலேயே ஒரு சாவி இருப்பதைத் திடீரென்று நினைத்துக்கொள்கிறான். சாவியின் பெயர் வாக்குத்தத்தம். அது திறப்பது அவநம்பிக்கையின் பூட்டை. கார் ஷெட்டை அல்ல.

பையனுக்கு ஒரே பதில்தான் அனுப்பினேன். "அந்த மேசையில எதுவும் வேண்டாம். வினாவிடை ஒண்ணு கிடைச்சா வாங்கு, மெல்லிசா இருந்தாப் போதும். கிடைக்கலேன்னா பாட்டுப் புத்தகத்துல இருக்கிற விசுவாசப் பிரமாணத்தை வரிவரியா வாசி. தினம் ஒரு வரி. புரியாததை எழுதிவை."

மீதிப் பணத்துக்குப் பரோட்டா சாப்பிட்டிருப்பான் என்றுதான் நினைத்தேன். நேற்று மெசேஜ் வந்தது: "மாமா, விசுவாசப் பிரமாணத்துல இயேசு பாதாளத்தில் இறங்கினார்னு வாராவாரம் சொல்றோமே, அங்க எதுக்குப் போனார்?"

லூத்தரன்கள் வெற்றியை அறிவிக்க என்பார்கள். ஹைடல்பர்க்கின் 44-ஆம் கேள்வியோ, சிலுவையில் அவர் நமக்காகப் பட்ட நரக வேதனையைச் சொல்கிறது. முழுப் பதில் எனக்கே கைவசம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வா, சாப்பிட்டுக்கொண்டே பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.