செம்மீன்: பழனியைக் கொன்றது யார்?

‘செம்மீன்’ பற்றி யார் பதிவு போட்டாலும் “என்ன காதலப்பா!” என்று உருகுகிற கூட்டம் வந்துவிடும். மலையாள எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளையின் அந்த நாவல் எனக்கும் பிடிக்கும். ஆனால் கடைசி அத்தியாயத்துக்கு வரும்போதெல்லாம் மனுசனோடு சண்டைக்குப் போகத்தான் தோன்றும்.

என்னைக் கட்டிப்போடுவது அதில் வரும் கடன். பரீக்குட்டி ஒரு சின்ன மீன் வியாபாரி. தான் காதலிக்கும் கறுத்தம்மாவின் அப்பன் செம்பன்குஞ்சுவுக்கு வள்ளமும் வலையும் வாங்கக் காசு கொடுக்கிறான். பிடிக்கும் மீனைத் தனக்கே தர வேண்டும் என்பது பேச்சு. வள்ளம் வந்து மீனும் பட்டதும் செம்பன்குஞ்சு கையை விரித்துவிடுகிறான். பரீக்குட்டி நொடித்துப் போகிறான். அந்தக் காசை எப்படியாவது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று தாயும் மகளும் படுகிற பாடு இருக்கிறதே, நிலவிலே பாட்டுப் பாடுவதை விட அதுதான் எனக்குப் பெரிய காதலாகத் தெரிகிறது.

யாழ்ப்பாணத்துப் பாசையூரில் விடியப்புறம் மீனை ஏலம் கூறுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றவர்களுக்கு இது விளங்கும். ஈரச் சீமெந்தில் மீனைக் கொட்டிவிட்டு விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். ஆனால் எஞ்சினுக்கும் வலைக்கும் முற்பணம் வாங்கியவனின் மீன் ஆருக்குப் போகும் என்பது கூற முதலே தெரியும். இந்த விசயத்தை 1956 இலேயே ஒரு காதல் கதைக்குள் இவ்வளவு துல்லியமாக வைத்த ஆளை எப்படிக் கொண்டாடாமல் இருப்பது?

சரி, சண்டை எங்கே? கடலுக்குப் போனவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் தங்கியிருக்கிறது என்ற நம்பிக்கை நாவல் முழுக்க வருகிறது. பாத்திரங்கள் நம்பட்டும், அதில் குறையில்லை. ஆனால் முடிவில் என்ன நடக்கிறது? கறுத்தம்மா பரீக்குட்டியைச் சந்திக்கும் அதே இரவில் அவள் புருசன் பழனியைச் சுறா இழுத்துக்கொண்டு போக, சுழி விழுங்கிவிடுகிறது. வாசிக்கிற சனம் என்ன நினைக்கும்? “பார்த்தியா, கடலம்மா சும்மா விடுவாளா?” என்றுதான்.

இத்தனைக்கும் தகழியே வேறொரு காரணத்தை எழுதி வைத்திருக்கிறார். கறுத்தம்மாவையும் பரீக்குட்டியையும் பற்றி ஊர்க்கதை பரவியதும் பழனியை வள்ளத்தில் சேர்க்கப் பயந்து ஒதுக்குகிறார்கள். அதனால்தான் அவன் தனியே தூண்டிலோடு போகிறான். துணைக்கு ஒருத்தன் இருந்திருந்தால் திரும்பி வந்திருப்பானோ என்னவோ! அவனைக் கொன்றது ஊரின் வாய். அதைச் சொல்லிவிட்டு, கடைசியில் பழியை ஒரு பெண்ணின் தலையில் விழ விட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கேரளக் கடலம்மாவுக்கும் எங்களுக்கும் என்ன என்று கேட்காதீர்கள். எங்கள் கரைகளில் அந்தோனியார் இருக்கிறார், மாதா இருக்கிறார், வல்லிபுர ஆழ்வார் இருக்கிறார். ஆனால் பழி போடுவதற்குச் சாமி வித்தியாசம் கிடையாது. கடலில் போனவனின் செத்தவீட்டில் எஞ்சின் நின்றதைப் பற்றி ஒருவர் கதைத்தால், நாலு பேர் அவன் மனுசியின் சாதகத்தைப் பற்றிக் கதைப்பார்கள். “அவள் கால் வைச்ச நேரம்” என்பது நாங்கள் எல்லோரும் கேட்ட வசனம்தானே. இன்றைக்கு எங்கள் ஆட்களின் வலையை அறுத்துக்கொண்டு போவது இரவில் வரும் இந்திய இழுவைப் படகு. அதற்கு எந்தப் பெண்ணின் கற்பைக் குறை சொல்வது?

1965 இல் ராமு காரியட் எடுத்த படத்திலும் இதே முடிவுதான். சலீல் சௌத்ரியின் இசையில் மன்னா டே பாடத் தொடங்கினால் நான் சண்டையை மறந்துவிடுவேன், அது வேறு விசயம்.

சுந்தர ராமசாமியின் தமிழாக்கம் வீட்டில் இருந்தால், பழனியை வள்ளத்திலிருந்து ஒதுக்கும் பகுதியை மட்டும் இன்னொருக்கா வாசித்துப் பாருங்கள். அப்புறம் வாருங்கள், ஆறுதலாகச் சண்டை பிடிக்கலாம்.